பாலர் கல்விப் பணி: இகழத்தக்கதா, ஏற்கத்தக்கதா?



நம் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் 'என் இலட்சியம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதும் பயிற்சி அளிக்கப்படுவது வழக்கம். இவ்வாண்டும் அளிக்கப்பட்டது. மருத்துவர் ஆவோம் என்றனர் சிலர். வழக்கறிஞர், பொறியியலாளர், விமானி, காவல்துறை அதிகாரி என்றனர் வேறு சிலர். ஒரு மாணவி மட்டும், 'நான் பாலர் பள்ளி ஆசிரியை ஆவேன்' என்று எழுதியிருந்தாள். அதனை அவள் வகுப்பில் வாசித்தபோது சிரிப்பொலி எழுந்தது. "ஆயா வேலைக்கா இவ்வளவு படிப்பு?" என்று ஒரு குரலும் கேட்டது. மறுநாள் கட்டுரை ஏடுகள் நம் மேசைக்கு வந்தன. அம்மாணவியின் ஏட்டில் அந்த வரி அழிக்கப்பட்டு, அதன்மேல் 'தாதி' என்று எழுதப்பட்டிருந்தது. தாள் கிழியும் அளவிற்கு அழிப்பானால் தேய்த்திருந்தாள்.

தாதித் தொழில் மிக உயர்ந்த தொழில் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், அவள் தாதியாக விரும்பித் தாதி என்று எழுதவில்லை. சிரிப்புக்கு அஞ்சி எழுதினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் உள்ளத்து விருப்பத்தைத் தானே அழித்துக்கொள்வது சிறிய செய்தியன்று. சிரித்த பிள்ளைகளையும் நாம் குறை கூறுவதற்கில்லை. பெரியவர்களாகிய நாம் வீட்டிலும் கோயில் வாசலிலும் கடைத்தெருவிலும் பேசுவதைத்தான் அவர்கள் வகுப்பறையில் திருப்பிச் சொன்னார்கள். ஆகவே, குழந்தைக் கல்விப் பணி எத்தகையது, அதனை அடையும் வழிகள் யாவை, அப்பணியில் இருப்போரை உயர்த்தும் சங்கங்கள் எவை என்பனவற்றை இம்மலரின் வாயிலாக விளக்க முற்படுகின்றோம்.

ஆயாக் கொட்டகை

முதற்கண் 'ஆயா' என்னும் சொல்லைப் பற்றியே பேசுவோம். நாம் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்தில். 1970களில் நம் அன்னையார் விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குச் செல்லும் வழியில், நம்மை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார். பலகைச் சுவர், தகரக் கூரை, உத்திரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். அங்கே ஒரு மூதாட்டி இருந்தார். பால்மரம் சீவிச் சீவி இடுப்பு ஓய்ந்தபின் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அது. கைக்குழந்தை முதல் ஐந்து வயதுவரை இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அவர் ஒருவரே கவனித்தார்.

நாம் எண்ணக் கற்றுக்கொண்டது பள்ளியில் அன்று; அக்கொட்டகையில்தான். வாசலில் சிதறிக் கிடக்கும் ரப்பர்க் கொட்டைகளைப் பொறுக்கிவரச் சொல்வார். பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்வார். ஒரு குவியலிலிருந்து இரண்டை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டு, "இப்போது எத்தனை?" என்று கேட்பார். கூட்டலும் கழித்தலும் நம் கையில் அவ்வாறு வந்து சேர்ந்தன. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அமர்ந்து, கைக்கெட்டிய பொருளைக்கொண்டு எண்ணறிவு புகட்டும் முறையைப் பாடமாகப் படித்தபோது, அம்மூதாட்டியின் முகமே நம் கண்முன் நின்றது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் அம்முறையைத் தாமாகவே கண்டறிந்திருந்தார்.

ஆனால், அவருக்கு இல்லாதவை பல. பயிற்சி இல்லை. உதவிக்கு ஆள் இல்லை. தம்மைப் போன்ற பணியில் இருப்போரைக் கண்டு பேசும் வாய்ப்பு இல்லை. எந்தப் பதிவேட்டிலும் ஆசிரியர் என்று அவர் பெயர் எழுதப்படவில்லை. 'ஆயா வேலை' என்று நாம் இன்று இகழ்ந்து பேசுவது, உண்மையில் அவர் செய்த தொண்டை அன்று. அத்தொண்டுக்கு நம் சமுதாயம் கொடுத்த மதிப்பையே நாம் இகழ்கின்றோம்.

குழந்தைகளின் தோட்டம்

பாலர் பள்ளி என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த பிரெட்ரிக் புரோபெல் என்னும் கல்வியாளர் 1837ஆம் ஆண்டு பாட் பிளாங்கன்பர்க் என்னும் சிற்றூரில் இளங்குழந்தைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840ஆம் ஆண்டு அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். அச்சொல்லுக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்பது பொருள். தோட்டக்காரர் செடியைப் பிடித்து இழுத்து வளர்ப்பதில்லை. மண்ணைப் பண்படுத்தி, நீர் வார்த்து, களை எடுத்து, அது தானே வளரத் துணை செய்கிறார். ஆசிரியரும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்பது புரோபெலின் கொள்கை. நாற்றங்காலில் கன்று வளர்த்தோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் 'தாடிக்கா' என்றும் 'தஸ்கா' என்றும் வழங்கும் சொற்களின் முதலெழுத்தும் இத்தோட்டத்தையே குறிக்கும். 'தாமான் டிடிக்கான் கானாக்-கானாக்', 'தாமான் அசுஹான் கானாக்-கானாக்' என்பனவற்றின் சுருக்கமே அவை. 'தாமான்' என்றால் பூங்கா.

புரோபெலும் எளிதில் வெற்றி பெறவில்லை. 1851ஆம் ஆண்டு பிரஷ்ய அரசு பாலர் பள்ளிகளுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார். தடை நீங்கியது 1860ஆம் ஆண்டில்தான். தம் பணி மீண்டும் தழைத்ததை அவர் காணவில்லை; ஆயினும், அவரிடம் பயின்ற பெண்கள் அதனைப் பல நாடுகளுக்கும் கொண்டுசென்றனர்.

மரியா மாண்டிசோரி அம்மையாரின் கதை தோட்ட மக்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. இத்தாலியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்களுள் ஒருவர் அவர். உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் பகலெல்லாம் வேலைக்குச் சென்றுவிட, பிள்ளைகள் மாடிப்படிகளில் கேட்பாரற்றுத் திரிந்தனர்; சுவர்களைக் கெடுத்தனர். கட்டட உரிமையாளர்கள் அப்பிள்ளைகளைக் கவனிக்க ஓர் ஏற்பாட்டை நாடினர். அவ்வாறு 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் திறக்கப்பட்டதே மாண்டிசோரியின் முதற் 'குழந்தைகள் இல்லம்'. தாய்மார் தடையின்றி வேலைக்குச் செல்லத் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை ஏற்பட்டது போன்றே அதுவும் ஏற்பட்டது. ஆனால், அங்கு ஒரு கற்றறிந்த பெண் பொறுப்பேற்றார், உற்று நோக்கினார், குறிப்பெடுத்தார், உலகிற்கே ஒரு கல்விமுறை கிடைத்தது. பின்னர் 1939ஆம் ஆண்டு அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கிப் பணியாற்றினார்.

அறிவியல் கூறுவது

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது நம் முன்னோர் மொழி. இக்கால அறிவியலும் இதனை வேறு சொற்களால் கூறுகின்றது. குழந்தைக்கு ஆறு வயது நிரம்புவதற்குள் அதன் மூளை, வளர்ந்தவர் மூளையின் பருமனில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகின்றது. ஒன்றாம் ஆண்டில் நம்மிடம் வந்து சேரும் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. சொற்களையும் அச்சங்களையும் பழக்கங்களையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டே வருகின்றது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாந்தி நகரில் 1962ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. வறிய குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். 58 பேருக்குத் தரமான பாலர் கல்வி அளிக்கப்பட்டது. எஞ்சிய 65 பேருக்கு அளிக்கப்படவில்லை. அவர்களுடைய வாழ்வை ஆய்வாளர்கள் நாற்பது வயது வரையிலும் தொடர்ந்து கவனித்தனர். பாலர் கல்வி பெற்றோருள் மிகுதியானோர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தனர்; அவர்களின் வருமானம் கூடுதலாக இருந்தது; காவல்துறையால் கைது செய்யப்பட்டவர்கள் குறைவாக இருந்தனர். அவ்வாய்வில் ஆசிரியர்கள் வாரந்தோறும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிற்கும் சென்று தாயுடன் பேசினார்கள் என்பதைப் பெற்றோர் கவனித்தல் வேண்டும்.

நம் நாட்டில்

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அதனால் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின. 1957ஆம் ஆண்டு நாடு சுதந்திரம் அடைந்தபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகளுக்கோ கொட்டகையும் தொட்டிலுமே கிடைத்தன.

காலம் மாறியது. 1970களில் 'கெமாஸ்' எனப்படும் சமூக முன்னேற்ற இலாகாவும், ஒற்றுமைத் துறையும் பாலர் வகுப்புகளை நடத்தத் தொடங்கின. 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம், நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கட்டணம் பெற்றுப் பராமரிக்கும் நிலையங்கள் சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும் என்று விதித்தது. 1992ஆம் ஆண்டு கல்வி அமைச்சு தொடக்கப்பள்ளிகளிலேயே பாலர் வகுப்புகளைத் தொடங்கியது. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பாலர் கல்வியை நாட்டுக் கல்வி முறையின் ஓர் உறுப்பாக ஏற்றுக்கொண்டது. இன்று தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் அமைச்சின் பாலர் வகுப்புகள் நடைபெறுகின்றன. ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள். அவர்களுக்கு ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர் என்பது ஏற்பாடு.

பராமரிப்பு நிலையங்களுக்கும் இத்தகைய கணக்கு உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூவருக்கு ஒரு பராமரிப்பாளர். ஒன்று முதல் மூன்று வயது வரையிலான ஐவருக்கு ஒருவர். மூன்று முதல் நான்கு வயது வரையிலான பத்துப் பேருக்கு ஒருவர். நம்மை வளர்த்த மூதாட்டியின் கொட்டகையை இக்கணக்கால் அளந்து பாருங்கள். அவர் தனியொருவராகச் சுமந்தது குறைந்தது மூவர் செய்ய வேண்டிய வேலை.

படிக்கும் வழிகள்

இனி, மாணவர்கள் கேட்க வேண்டிய பகுதிக்கு வருவோம். இப்பணிக்குச் செல்ல ஒரே ஒரு வழிதான் உண்டு என்று எண்ண வேண்டா. வழிகள் பல.

முதலாவது, எஸ்.பி.எம். தேர்வில் மிகச் சிறந்த தேர்ச்சி பெற்றோர் ஆசிரியர் கல்விக் கழகத்திற்கு விண்ணப்பிக்கலாம். தயார்நிலைப் பயிற்சிக்குப் பின் நான்காண்டுப் பட்டப்படிப்பு. அதனை முடித்து அரசாங்கப் பாலர் வகுப்பில் நியமனம் பெறும் ஆசிரியர், ஒன்றாம் ஆண்டிலோ ஆறாம் ஆண்டிலோ கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் பெறும் அதே சம்பள நிலையில் அமர்த்தப்படுகின்றார். இதனை அறியாத பெற்றோர் பலர்.

இரண்டாவது, எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்துப் பல்கலைக்கழகம் செல்வது. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் இளங்குழந்தைக் கல்வியில் பட்டம் பெறலாம். தஞ்சோங் மாலிம் நிலையம் 1922ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கப்பெற்றது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

மூன்றாவது, எஸ்.பி.எம். தேர்வில் மூன்று பாடங்களில் நன்மதிப்புத் தேர்ச்சி பெற்றவர், குழந்தைக் கல்வியில் பட்டயப் படிப்பை மேற்கொள்ளலாம். பாலர் பள்ளி ஆசிரியர் யாவரும் 2020ஆம் ஆண்டிற்குள் பட்டயமேனும் பெற்றிருத்தல் வேண்டும் என்பது, 2013 முதல் 2025 வரைக்குமான தேசியக் கல்விப் பெருந்திட்டம் வகுத்த இலக்காகும். ஆகவே, பட்டயத்திற்குக் குறைந்த தகுதியோடு நெடுங்காலம் இருக்கலாம் என்று எண்ணுதல் தகாது.

நான்காவது, ஏட்டுப் படிப்பில் தளர்ந்தோருக்கு உரிய வழி. மலேசியத் திறன் சான்றிதழ் படிப்படியாக ஏறக்கூடியது. மூன்றாம் நிலை வரை சான்றிதழ். நான்காம் நிலை பட்டயம். ஐந்தாம் நிலை உயர் பட்டயம். குழந்தைப் பராமரிப்பிலும் இச்சான்றிதழ் உண்டு.

ஐந்தாவது வழி தாய்மார்களுக்கு உரியது. இருபது வயதைக் கடந்து, இத்துறையில் வேலை அனுபவமும் உடையோர், முன் அனுபவத்தை மதிப்பிடும் தேர்வின் வாயிலாகப் பட்டயப் படிப்பில் சேர முடியும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட தாய் ஒருத்திக்கும் கதவு முற்றாக அடைபட்டுவிடவில்லை.

இவ்வழிகள் அனைத்திற்கும் பொதுவாக ஒன்று கூறுவோம். மலாயும் ஆங்கிலமும் இன்றியமையாதன. அவற்றோடு, எஸ்.பி.எம். வரை தமிழை விடாது படியுங்கள். தமிழ்க் குழந்தைக்குத் தமிழில் கதை சொல்லத் தெரியாதவர் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பில் என் செய்வார்?

சங்கங்கள் எதற்கு?

வேலை கிடைத்ததோடு இலட்சியம் முடிந்துவிடுவதில்லை. எந்தத் துறையிலும் ஒருவர் தனித்து நின்றால் அவர் அறிவு அவரோடு நின்றுவிடும். சங்கமாகச் சேர்ந்தால் அறிவு பெருகும், குரல் வலுப்படும். தோட்ட மக்களாகிய நமக்கு இது புதிய செய்தியன்று. 1954ஆம் ஆண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியதையும், தனித் தனியாகக் கேட்டுக் கிடைக்காத பலவற்றை ஒன்றுகூடிக் கேட்டதையும் நம் பாட்டனார் காலத்தவர் அறிவர். அரசாங்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 1974ஆம் ஆண்டு அமைந்த தேசிய ஆசிரியர் பணியாளர் சங்கம் உண்டு.

ஆனால், தொழிற்சங்கம் வேறு. தொழில்நெறிச் சங்கம் வேறு. தொழிற்சங்கம் சம்பளம், விடுமுறை, வேலை நேரம் ஆகியவற்றிற்காகப் பேச்சு நடத்தும். தொழில்நெறிச் சங்கமோ, 'நம் பணி எத்தரத்தில் இருத்தல் வேண்டும்? அதனைச் செய்பவர் என்ன அறிந்திருத்தல் வேண்டும்? எதைச் செய்யலாகாது?' என்னும் வினாக்களுக்கு விடை வகுக்கும். பயிலரங்கு நடத்தும்; ஏடு வெளியிடும்; சட்டம் இயற்றுவோருக்கு ஆலோசனை கூறும். முன்னது வயிற்றைக் காப்பது. பின்னது பெயரைக் காப்பது. இரண்டும் வேண்டும்.

உலக அளவில் இத்தகைய சங்கங்களுள் ஒன்று 'ஓமெப்' எனப்படும் உலக இளங்குழந்தைக் கல்வி அமைப்பு. இரண்டாம் உலகப் போரில் வீடிழந்து பெற்றோரிழந்த குழந்தைகளின் நிலை கண்டு வருந்தியோர் ஒன்றுகூடி, 1948ஆம் ஆண்டு பிராக் நகரில் இதனை நிறுவினர். அதன் முதல் தலைவராக விளங்கிய சுவீடன் நாட்டு அல்வா மிர்டால் அம்மையார், பின்னர் 1982ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசையும் பெற்றார். குழந்தைகளின் நலனுக்காகப் பேசத் தொடங்கியவர் உலக நாடுகளின் படைக்குறைப்பிற்காகவும் பேசும் நிலைக்கு உயர்ந்தார்.

அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டு, பேட்டி ஸ்மித் ஹில் என்னும் பேராசிரியை ஒரு சிறு குழுவினரைக் கூட்டினார். புற்றீசல்போல் பெருகிவந்த மழலையர் பள்ளிகளில் தகுதியற்றோர் புகுந்துவிடலாகாது என்பது அவர் கவலை. அக்கூட்டமே இன்று 'நெய்சி' எனப்படும் இளங்குழந்தைக் கல்விக்கான தேசியச் சங்கமாக வளர்ந்துள்ளது. மாணவர்களே, இந்த அம்மையாரை நீங்கள் முன்பே அறிவீர்கள். பிறந்த நாள் தோறும் நாம் பாடும் ஆங்கில வாழ்த்துப் பாட்டின் மெட்டு, அவரும் அவர்தம் தமக்கையும் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்து 1893ஆம் ஆண்டு வெளியிட்ட காலை வணக்கப் பாட்டினுடையதே ஆகும்.

அச்சங்கம் 1989ஆம் ஆண்டு தன் உறுப்பினர்களுக்கு ஓர் ஒழுக்க விதித் தொகுப்பை வகுத்தது. குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கலாகாது என்பதே அதில் மற்றெல்லா விதிகளுக்கும் மேலான விதி. இது எளிய சொல்லாகத் தோன்றும். ஒரு பிள்ளையைப் பிறர்முன் இழித்துப் பேசுவதும் தீங்கே, அச்சுறுத்துவதும் தீங்கே என்று விரித்துப் பார்க்கும்போதுதான் அதன் கடுமை புலனாகும். நம் நாட்டிலும் 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் ஒரு கடமையை விதித்துள்ளது. பராமரிப்பிலுள்ள பிள்ளை கொடுமைக்குள்ளாகிக் காயமுற்றுள்ளது என்று நம்பத்தக்க காரணம் இருப்பின், பராமரிப்பாளர் அதனைச் சமூக நல அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். 'வெறும் ஆயா' என்று நாம் கூறுபவர், சட்டத்தின் கண்களில் ஒரு குழந்தையின் காவலர்.

மலேசியாவில் பதிவுபெற்ற பராமரிப்பாளர்களுக்கும், பாலர் பள்ளி நடத்துநர்களுக்கும் சங்கங்கள் உள்ளன. இளங்குழந்தைப் பராமரிப்பு, கல்வி ஆகியவற்றிற்கென ஒரு மன்றமும் உண்டு. அண்டை நாடாகிய சிங்கப்பூரில் இளங்குழந்தைக் கல்வியாளர் சங்கம் இயங்குகின்றது. அந்நாட்டு அரசு 2013ஆம் ஆண்டு இத்துறைக்கெனத் தனி வாரியமும், 2019ஆம் ஆண்டு தேசியப் பயிற்சிக் கழகமும் அமைத்தது.

இச்சங்கங்களில் இளைஞர் ஒருவர் எவ்வாறு உயரலாம்? முதலில் சாதாரண உறுப்பினராகச் சேர்ந்து பயிலரங்குகளுக்குச் செல்கிறார். சில ஆண்டுகளில் தம் வகுப்பில் வெற்றி கண்ட முறையொன்றைப் பிறர்முன் எடுத்துரைக்கிறார். பின்னர்ச் செயற்குழுவில் இடம் பெறுகிறார். புதியோருக்குப் பயிற்சி அளிக்கிறார். அமைச்சின் அதிகாரிகளோடு ஒரே மேசையில் அமர்ந்து, 'இச்சிறு பிள்ளைகளுக்கு இவ்விதி பொருந்தாது' என்று எடுத்துக் கூறும் உரிமை பெறுகிறார். அம்மேசையில் தமிழ்க் குழந்தைகளை அறிந்தவர் ஒருவர் இல்லையெனில், அவர்களுக்காகப் பேசுவார் யார்? தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை ஒன்று அங்குச் சென்று அமர வேண்டும் என்பதே நம் விருப்பம்.

குறைகளையும் மறைக்கலாகாது

நிறைகளை மட்டும் கூறிப் பிள்ளைகளை ஏமாற்றுதல் ஆசிரியருக்கு அழகன்று. அரசாங்கப் பாலர் வகுப்புகளில் இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. தனியார் நிலையங்கள் பலவற்றில் சம்பளம் குறைந்தபட்சச் சம்பள அளவை ஒட்டியே உள்ளது. அக்குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. பட்டயம் பெறச் செலவழித்த பணத்தையும், நகர வீட்டு வாடகையையும் எண்ணிப் பார்க்கும் தந்தை தயங்குவதில் தவறில்லை. இப்பணி உடலையும் வருத்தும். நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து, ஓடும் பிள்ளைக்குப் பின்னே ஓடி, மாலையில் குரலும் கம்மிவிடும்.

ஆயினும் ஒன்றை நோக்குங்கள். ஒரே பணியைச் செய்யும் இருவருள் ஒருவர் பட்டதாரிச் சம்பளமும் மற்றவர் குறைந்தபட்சச் சம்பளமும் பெறுகின்றார். வேறுபாடு எங்கே உள்ளது? அவர்களை அமர்த்துவோரிடத்திலும் அவர்கள் பெற்ற கல்வித் தகுதியிலும் உள்ளது. அமர்த்துவோரை மாற்றுவது தனியொருவரால் ஆகாது, அதற்குத்தான் சங்கம். தகுதியை உயர்த்துவது நம் கையில் உள்ளது, அதற்குத்தான் படிப்பு. சம்பளம் குறைவு என்று எல்லாரும் விலகிச் சென்றால், நம் குழந்தைகள் பயிற்சியற்றோர் கையில் விடப்படுவார்கள். அக்கொட்டகைக் காலம் மீண்டும் வரும்.

ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இது பெண்களுக்கு மட்டும் உரிய பணி என்று எச்சட்டமும் கூறவில்லை. புரோபெல் ஓர் ஆடவரே.

அன்னையின் வினா

கட்டுரை ஏட்டைத் திருத்திய வாரத்தில் அம்மாணவியின் தாயாரை அழைத்துப் பேசினோம். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு, வேலை உடையோடு வந்திருந்தார். நாம் கூறியவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பின்னர், "ஐயா, நீங்கள் சொல்வது நல்லதுதான். ஆனால், நாளைக்கு அவள் என்னைப் போல் கையேந்தி நிற்காமல் இருப்பாளா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

"அம்மா, அவள் பாதியில் நின்றால் எந்த வேலையும் அவளைக் காப்பாற்றாது. முறையாகப் படித்துத் தகுதி பெற்றால் இந்த வேலையும் காப்பாற்றும். அதற்கு இன்னும் பத்தாண்டுகள் ஆகும், அதுவரை நீங்கள் பொறுக்க வேண்டும்" என்றோம். அவர் உடனே விடை கூறவில்லை. சற்று நேரம் கழித்து, "என் மாமியார் இந்தத் தோட்டத்தில்தான் பிள்ளை பார்த்தார்கள். அவர்கள் மடியில் வளர்ந்தவர்கள் இப்போது பெரிய பெரிய வேலையில் இருக்கிறார்கள்" என்று கூறிச் சென்றார்.

பெற்றோர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள் வைக்கின்றோம். பிள்ளை தன் விருப்பத்தைக் கூறும்போது முதலில் சிரிக்காதீர்கள்; ஏன் என்று கேளுங்கள். நான்கு வயது நிரம்பிய பிள்ளையை வீட்டில் தொலைக்காட்சியின் முன் விட்டுவிடாமல் பாலர் வகுப்பில் சேருங்கள். பதிவு பெற்ற நிலையமா என்று விசாரித்துச் சேருங்கள். உங்கள் பிள்ளையைக் கவனிப்பவரை 'டீச்சர்' என்றேனும் 'அம்மா' என்றேனும் மதிப்போடு அழையுங்கள். பிள்ளைகள் நம் வாயைப் பார்த்தே மதிப்பையும் அவமதிப்பையும் கற்கின்றனர்.

மாணவச் செல்வங்களே, சென்ற மாதம் ஆறாம் ஆண்டு மாணவர்களை ஐந்து நாள் முறை வைத்துப் பாலர் வகுப்பிற்கு அனுப்பினோம். பிள்ளைகளுக்குக் கதை சொல்வது அவர்கள் வேலை. அன்று "ஆயா வேலைக்கா?" என்று கேட்ட மாணவன் பத்து நிமிடத்தில் வியர்த்துப்போய் வெளியே வந்து, "ஐயா, ஒருவன் அழுகிறான், ஒருத்தி தண்ணீரைக் கொட்டிவிட்டாள், யாருமே கேட்கவில்லை" என்றான். அம்மாணவியோ, மூலையில் அழுதுகொண்டிருந்த அச்சிறுவனின் அருகில் தரையில் அமர்ந்து, புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக அவன் கையில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு வந்தபோது அவன் அழுகையை நிறுத்தினான்.

அக்காட்சியைக் கண்ட பிறகு, அவள் ஏட்டில் நாம் ஒரு குறிப்பு எழுதினோம்: 'அழித்த வரியை, விரும்பினால், மீண்டும் எழுதுக.' ஏடு திரும்பி வந்தது. கிழிந்த இடத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, மை பேனாவால் எழுதியிருந்தாள். மையால் எழுதியதை அழிப்பானால் அழிக்க இயலாது.